கார்மேல் வீட்டுக்குத் தண்ணீர்

குழாய்கள் வெறும் காற்றைத் துப்பிய நாலாம் நாள்.
என் லாரியில் பத்தாயிரம் லிட்டர்,
தாளில் பதினோரு முகவரி.
ஒன்பதாவது: கார்மேல். ஆயர் ஈத்தாம் மேடு, கடைசி வளைவு.
ஆயர் ஈத்தாம் என்றால் கறுத்த நீர்.
பெயரில் இருக்கிறது, தொட்டியில் இல்லை.

கார் மேல் என்ன என்றேன் ரோஸ்லானிடம்.
அவனுக்குத் தமிழ் தெரியாது. நானே சிரித்துக்கொண்டேன்.
கார் மேல் பூனை,
கார் மேல் புறா எச்சம்,
தவணை பாக்கியுள்ள என் மச்சான் கார் மேல்
பேங்க்காரன் கண்.

பச்சை இரும்புக் கதவு.
பலகையில் 'காலணியற்ற கார்மேல் கன்னியர்'.
மரியாதைக்கு
பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சுடும் தாரில் நின்றேன்.
கதவைத் திறந்தவள் பதறினாள்:
"அண்ணே, அது எங்களுக்குப் போட்ட பேரு. நீங்க மாட்டிக்குங்க."
அவள் காலிலும் செருப்பு இருந்தது.

சிஸ்டர் ஜெசிந்தா. முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள்.
வெளியாளோடு பேசும் வேலை இவளுக்கு மட்டும்.
உள்ளே இன்னும் எட்டுப் பேர்,
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமில்லை.

தொட்டி நிரம்ப இருபத்தைந்து நிமிடம்.
ரப்பர் குழாய் விறைத்து அதிரும்போது
பேச்சு வேண்டியிருக்கிறது மனிதனுக்கு.
"கார்மேல் யாரும்மா? புனிதரா?"
"ஆள் இல்லண்ணே. மலை."

பிரான்சிஸ் பின்னால் போனவர்கள் பிரான்சிஸ்கர்,
தொமினிக் பின்னால் தொமினிக்கர்.
எங்களுக்கு அப்படியோர் அப்பா பெயர் இல்லை என்றாள்.
கடலோரம் ஒரு மலை, அதில் ஓர் ஊற்று.
எங்கிருந்தோ வந்து ஊற்றுப் பக்கம் குந்திய சிலர்.
முதலில் வந்தவன் தன் பெயரை எழுதி வைக்கவில்லை.
இடத்தின் பெயர் ஆட்கள் மேல் ஒட்டிக்கொண்டது.

எனக்கு உடனே புரிந்தது.
எங்கள் டிப்போவில் ஒருவன் சுங்கை பாக்காப்.
பெற்றவள் வைத்த பெயர்
ஐ.சி.யில் மட்டும் இருக்கிறது.

"மலைப் பேருக்கு அர்த்தம்?"
"எபிரேயத்தில தோட்டம். பழத்தோட்டம், திராட்சை.
கடவுளோட தோட்டம்னும் சொல்வாங்க."

தோட்டம்.
இந்த நாட்டுத் தமிழனிடம் அந்தச் சொல்லை
இவ்வளவு லேசாகச் சொல்லக் கூடாது.
இருட்டில் பெரட்டு, பால்மரம், அட்டை,
கடைசியில் நிலத்தை விற்றுவிட்டோம் என்று
மூன்றே வரியில் ஒரு கடிதம்.
"துரை கடவுள், சரி. கிராணி யாரு?" என்றேன்.
வாய்விட்டுச் சிரித்தவள்
உள்ளே கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள்.
"மதர் சுப்பீரியர்" என்றாள் மெதுவாக.
"பெரட்டு நாலே முக்காலுக்கு."

அப்புறம் அவளாகவே சொன்னாள்:
வருஷக் கணக்கில் மழை பொய்த்த காலம்.
அதே மலையுச்சியில் தலைகுனிந்து உட்கார்ந்த எலியா
வேலையாளை அனுப்புகிறார், கடலைப் பார்த்து வா என்று.
ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை.
ஏழாம் தரம்
உள்ளங்கை அளவு மேகம்.

"மேகத்துக்கு நம்மள்ல இன்னொரு பேரு இருக்கே."
யோசித்தாள்.
"கார்" என்றேன். "கார்காலம். கார்முகில்.
உங்க பேரைப் பிரிச்சுப் பாருங்க,
கார், மேலே."
"அண்ணே, வேர் அப்படி இல்ல. அது வேற பாஷை."
"தெரியும்மா. வேர் வேறதான்.
நிழல் வந்து விழுந்தா வேண்டாம்னா சொல்றீங்க?"

பதில் இல்லை. குழாய் கக்கி நின்றது.
ஆயிரம் லிட்டருக்கு ரசீது நீட்டினேன்.
பெற்றவர் என்ற இடத்தில்
'கார்' எழுதி, பேனாவைத் தூக்கி,
சற்றுத் தள்ளி 'மேல்' எழுதினாள்.

இறக்கத்தில் ரோஸ்லான் கேட்டான், என்ன அவ்வளவு பேச்சு.
கெபுன் என்றேன். தோட்டக் கதை.
பத்தாவது முகவரி பாயா தெருபோங், பதினாலாம் மாடி,
லிஃப்ட் கெட்ட பிளாக்.
வளைவில் கடல் தெரிந்தது.
ஒரு தரம் பார்த்தேன்.
மீதி ஆறு தரத்துக்கு
டெலிவரியில் நேரம் ஒதுக்கவில்லை.